ஒரு நாள்தான் இருக்கிறது: டுடுட்கியா, ஸ்ட்ரோச்சிட்சியா?

கேள்வி: மகள் மின்ஸ்கில் மருத்துவம் படிக்கிறாள். ஜூன் கடைசியில் நானும் மனைவியும் பத்து வயது மகனும் அவளைப் பார்க்கப் போகிறோம். பெலாரஸின் பழைய கிராம வாழ்க்கையைக் காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகங்கள் இரண்டு பக்கத்தில் இருக்கின்றனவாம். எதற்குப் போகலாம்? நாங்கள் சைவம்.

பதில்: பையன் வருகிறான் என்றால் யோசிக்கவே வேண்டாம், டுடுட்கி. மின்ஸ்கிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர். அங்கே தொழில்கள் கண்ணெதிரே நடக்கும். கொல்லர் உலையில் இரும்பு சிவக்கும், குயவர் சக்கரம் சுற்றும், குதிரை லாயம் இருக்கிறது, காற்றில் ஓடும், மரத்தாலான பழைய மாவு ஆலையும் இருக்கிறது. களிமண்ணில் பையனே கை வைத்துப் பார்க்க வழி உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். அனுமதியோடு காய்ச்சும் நாட்டுச் சாராயத்தையும் தேன், ரொட்டி, ஊறிய வெள்ளரிக்காயோடு நீட்டுவார்கள். வேண்டாமென்றால் ரொட்டியும் தேனும் போதும்!

ஸ்ட்ரோச்சிட்சி வேறு ரகம். மின்ஸ்கை ஒட்டினாற்போலவே இருக்கும் அரசு அருங்காட்சியகம், 1976இல் தொடங்கியது. பல வட்டாரங்களிலிருந்து பழைய மர வீடுகளையும் தேவாலயங்களையும் பெயர்த்துக் கொண்டுவந்து, வட்டாரவாரியாக மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். முழு மரக்கட்டைகளைப் படுக்கையாக அடுக்கி, இடுக்கில் குளிர் புகாமல் பாசியை அடைத்த சுவர்கள். உள்ளே போனால் கால்வாசி இடத்தை ஓர் அடுப்பே பிடித்திருக்கும். சமையல், ரொட்டி சுடுவது, வீட்டுக்குச் சூடு எல்லாம் அதில்தான். பனிக்காலத்தில் கிழவர்களும் குழந்தைகளும் அதன் மேலேயே படுத்துக்கொள்வார்கள். எனக்கு இந்த அமைதியான இடம்தான் ஒரு படி மேல். ஆனால் பத்து வயதுப் பையனை வீடு வீடாக நிறுத்தி வைக்க முடியாதே.

சாப்பாட்டில் கவனம் தேவை. டிரானிகி என்னும் உருளைக்கிழங்கு அடை எங்கும் கிடைக்கும். ஆனால் பன்றிக் கொழுப்பில் சுடும் வழக்கம் உண்டு, பன்றி இறைச்சிக் குழம்போடும் பரிமாறுவார்கள். எண்ணெயில் சுட்டதா என்று கேட்டு, புளித்த பாலேட்டோடு சாப்பிடுங்கள். ரஷ்ய மொழியில் கேட்க மகள் பக்கத்தில் இருப்பது நல்லது. கம்பு ரொட்டி மாதிரி கறுப்பாக இருக்கும், ரை என்னும் தானியத்தில் சுட்ட ரொட்டியைத் தவற விடாதீர்கள்.

வாங்குவதென்றால் வைக்கோல் வேலைப்பாடு. பெலாரஸின் வைக்கோல் பின்னலை 2022இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. விட்டத்தில் தொங்கவிடும் 'சிலந்தி' அலங்காரம் லேசாகக் காற்று பட்டாலே சுழலும். எடை இல்லை, ஆனால் நசுங்கும். அதனால் டப்பாவில் போட்டுக் கைப்பையில் கொண்டுவாருங்கள்.

திரும்பி வரவும் சேர்த்தே டாக்சி பேசிக்கொள்ளுங்கள். டுடுட்கியில் நினைத்த நேரத்தில் வண்டி கிடைக்காது. விடுமுறை நாளையும் முதலில் பார்த்துவிடுங்கள். பயணம் ஜூலை 6 வரை நீண்டால், குபாலா இரவு என்னும் கோடைத் திருவிழாவுக்கு ஸ்ட்ரோச்சிட்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். தீ மூட்டித் தாண்டுவார்கள், பெண்கள் பூவளையங்களை ஆற்றில் விடுவார்கள். அப்புறம், ஆற்றங்கரை என்பதால் கொசு பிடுங்கி எடுக்கும். களிம்பை மறக்காதீர்கள்.