அந்தமான் போறீங்களா? டாக்டரிடம் கேட்டவை

அந்தமானுக்கு டிக்கெட் போட்டவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் போர்ட் பிளேரில் சில ஆண்டுகள் வேலை பார்த்த பொதுநல மருத்துவர். போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்; ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் தீவு. பேச்சில் புழங்கும் பழைய பெயர்களே இங்கே இருக்கின்றன.

சேலம் வாசகி: அம்மாவுக்கு ஏற்காடு பஸ்ஸுலயே வாந்தி வரும். ஹேவ்லாக் கப்பல்ல தாங்குவாங்களா டாக்டர்?

தாங்குவார். அவோமின் போன்ற மாத்திரையைக் கப்பல் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். தூக்கம் வரும், இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண் அழுத்த நோயோ, அப்பா வயதுக்காரர்களுக்குப் புராஸ்டேட் தொல்லையோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். பட்டினியாக ஏறினால் வாந்தி வராது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. வெறும் வயிறுதான் அதிகம் புரட்டும். இரண்டு இட்லி சாப்பிடட்டும். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவாக்கில் இடம் கேளுங்கள். செல்போன் பார்க்க வேண்டாம், தூரத்துத் தொடுவானத்தைப் பார்க்கட்டும்.

கோவை வாசகர்: போன முறை கால் முழுக்கச் சிவப்புத் தடிப்பு, பத்து நாள் அரிப்பு. கொசு மாதிரி தெரியலையே?

மணல் ஈ. அந்தமானில் விடுமுறையைக் கெடுப்பதில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். முதலையைப் பற்றி ஆயிரம் பேர் கேட்பார்கள், இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை! கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு. கொசுவலைக் கண்ணிலும் புகுந்துவிடும். விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும்தான் அதிகம் கடிக்கும். சூரிய அஸ்தமனம் பார்க்க ஷார்ட்ஸோடு மணலில் கால் நீட்டிப் படுப்பவர்கள் தாமாகவே போய் மாட்டிக்கொள்கிறார்கள். முழுக்கால் சட்டை போடுங்கள், நாற்காலியில் உட்காருங்கள். டீட் அல்லது பிகாரிடின் உள்ள பூச்சிவிரட்டி க்ரீம் தடவுங்கள். சன்ஸ்கிரீன் முதலில், இது அதற்கு மேல். கடித்தது அன்றைக்குத் தெரியாது, மறுநாள்தான் அரிக்கும். கலமைன் லோஷனும் இரவில் ஒரு செட்ரிசின் மாத்திரையும் போதும். சொறிந்தால் அந்த ஈரக்காற்றில் சீழ் பிடிக்கும். சர்க்கரை உள்ளவர்கள் இதில் அலட்சியமாக இருக்கக் கூடாது.

மதுரை வாசகி: மதியம் 12 முதல் 3 வரை வெயிலில் போகாம இருந்தா போதுமா?

போதாது. அந்தமான் நமக்குக் கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் இந்திய நேரம். அதனால் அங்கே சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாகவே உச்சிக்கு வந்துவிடும். காலை பத்து மணி வெயில் நம் ஊர் பதினொரு மணி வெயில் மாதிரி. கடலைக் காலையில் முடித்துக்கொண்டு ஒன்பதரைக்கே நிழலுக்கு வாருங்கள். நீர்மேல் குப்புற மிதந்து ஸ்நார்க்கெலிங் செய்பவர்களுக்கு முதுகுதான் வெந்துபோகும், முழுக்கை நீச்சல் சட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலி வாசகர்: வயித்துப்போக்கு வந்தா இளநீர் போதும்தானே?

துணைக்கு நல்லது, ஆனால் அது ஓ.ஆர்.எஸ். ஆகாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. பேதியில் உடம்பு இழப்பது சோடியத்தை. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதியைக் கொட்டிக் குத்துமதிப்பாகக் கலக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரே வேண்டாம்.

சென்னை வாசகர்: கடைசி நாள் காலைல ஸ்கூபா, மதியம் ஃப்ளைட். ஓகேவா சார்?

ஓகே இல்லை. ஒரே ஒரு முறை மூழ்கினாலும் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். ஒரு நாள் முழுக்க இடைவெளி விடுவது இன்னும் நல்லது. ஆழத்தில் சுவாசிக்கும்போது இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் மேலே பறந்தால் குமிழியாகிவிடும். ஸ்கூபாவை முதல் நாட்களில் வையுங்கள். சளி பிடித்திருந்தால் இறங்கவே வேண்டாம், காது போய்விடும். ஆஸ்துமா இருப்பதை மறைத்துப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஈரோடு வாசகி: முதலை?

உவர்நீர் முதலைகள் உண்டு. 2010இல் ஹேவ்லாக்கில் ஒரு சுற்றுலாப் பயணி முதலை தாக்கி இறந்திருக்கிறார். பலகை வைத்த இடத்திலும், ஓடை கடலில் சேரும் இடத்திலும், அலையாத்திக் காட்டு ஓரத்திலும் இறங்காதீர்கள்.

தஞ்சை வாசகர்: குழந்தைக்குச் சளி, காய்ச்சல். பாராடாங் டூர் கேன்சல் பண்ணணுமா?

பண்ணுங்கள். குழந்தைக்காக மட்டுமில்லை. பாராடாங் தீவுக்குப் போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காடு வழியாகப் போகிறது. நமக்குச் சாதாரணமான கிருமிகளுக்கு அவர்கள் உடம்பில் எதிர்ப்பு குறைவு. 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. வண்டியை நிறுத்துவதும், பிஸ்கட் நீட்டுவதும், படம் எடுப்பதும் சட்டப்படி குற்றம்.

விழுப்புரம் வாசகர்: மலேரியா மாத்திரை போட்டுக்கணுமா? திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தா?

மலேரியா அதிகம் இருந்தது நிக்கோபார் பக்கம், அங்கே சுற்றுலாப் பயணிகள் சாதாரணமாகப் போக முடியாது. போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் தீவு போய்வரும் குறுகிய பயணத்துக்கு நான் வழக்கமாக மாத்திரை எழுதுவதில்லை. பகலில் கடிக்கும் டெங்கு கொசுவுக்குத் தடுப்பு மாத்திரை கிடையாது, க்ரீம்தான். மழைக்காலத்தில் சேற்றுநீரில் வெறுங்காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். தீவுகளில் அது பழைய பிரச்சினை. அறிகுறி காட்டப் பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரம் ஆகும், சில சமயம் ஒரு மாதம்கூட. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். ஆஸ்பிரினும் புரூஃபெனும் டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டும். டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல், அந்தமான் போய் வந்ததை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.