லெஸ்டர்ஷயர் 2025ல ஜெயிச்சது ஒரு சீசன் அதிர்ஷ்டம் இல்ல

கேள்வி: இங்கிலாந்து கவுண்டி கிரிக்கெட்ல (அங்க மாவட்ட டீம்கள் ஆடுறது) பல வருஷமா அடிமட்டத்துலயே கிடந்த லெஸ்டர்ஷயர் உண்மையாவே முன்னேறிட்டாங்களா, இல்ல 2025ல டிவிஷன் டூல முதல் இடம் புடிச்சு மேல போனது சும்மா அதிர்ஷ்டமா? அவங்க ரசிகர்கள் யாராவது இருந்தா சொல்லுங்க.

நான் இருக்கேன். அதிர்ஷ்டம் இல்லங்க.

வேலைக்காக லெஸ்டர் வந்தவன் நான், 2013 ஏப்ரல்லதான் முதல் தடவை கிரேஸ் ரோடு கிரவுண்டுக்குப் போனேன். பேரைப் பாத்ததும் அந்தக் காலத்து இங்கிலாந்து ஜாம்பவான் டபிள்யூ.ஜி.கிரேஸ் நினைவா வச்சதுன்னுதான் எல்லாரும் நெனப்போம், அவருக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தமே இல்ல, அது அந்தத் தெருவோட பேரு அவ்ளோதான். நாலு நாள் மேட்ச், காத்து காதைப் பிய்ச்சு எடுக்குது, பாதிக்கு மேல சீட் காலி, எங்க வேணா உக்காரலாம். நான் போய் உக்காந்த இடத்துல பக்கத்துல ஒரு பெரியவர், மடியில தடிமனா ஒரு ஸ்கோர் புக், கையில மூணு கலர் பேனா. டீம் இன்னிங்ஸ் தோல்வியை நோக்கிப் போயிட்டிருக்கு, அப்பவும் மனுஷன் ஒரு பால் விடாம எழுதிக்கிட்டே இருந்தார். வெளியூர் மேட்ச்னா வீட்ல ரேடியோ கமென்ட்ரி கேட்டுக்கிட்டே எழுதுவாராம்.

அந்த 2013 சீசன் முழுக்க கவுண்டி சாம்பியன்ஷிப்ல, அதாவது இந்த நாலு நாள் மேட்ச் லீக்ல, ஒரு மேட்ச் கூட ஜெயிக்கல. 2014லயும் ஒண்ணு கூட இல்ல. 2012 செப்டம்பர்ல ஜெயிச்ச டீம் அடுத்த வெற்றியைப் பாத்தது 2015 ஜூன்ல எஸெக்ஸுக்கு எதிராத்தான், நடுவுல ரெண்டு வருஷம் எட்டு மாசத்துக்கு மேல ஓடிப் போச்சு. இத்தனைக்கும் 1975, 1996, 1998னு மூணு தடவை கவுண்டி சாம்பியன் ஆன டீம் இது, டி20 கோப்பையும் 2004, 2006, 2011ன்னு மூணு தடவை தூக்கியிருக்காங்க, கும்ப்ளே, சேவாக் எல்லாம் வந்து ஆடிட்டுப் போன டீம். அப்புறம் ஏன் இப்படி ஆச்சுன்னா, பெரிய டெஸ்ட் கிரவுண்ட் கிடையாது, பெரிய வருமானம் கிடையாது, நல்லா ஆடுற பசங்களை வளத்து விட்டா பக்கத்துல இருக்கற பெரிய கவுண்டி கூட்டிட்டுப் போயிடும். ஸ்டூவர்ட் பிராட் நாட்டிங்ஹாம்ஷயர் போனார், ஜேம்ஸ் டெய்லரும் அங்கேயே போனார். வருஷா வருஷம் இதே கதைதான்.

2022ல மறுபடி ஒரு வெற்றி கூட இல்லாம டிவிஷன் டூல, அதாவது சாம்பியன்ஷிப்போட கீழ் பிரிவுல, கடைசி இடம். அந்த வருஷம் ஜூன்ல இந்திய டீம் கிரேஸ் ரோடுல பயிற்சி மேட்ச் ஆட வந்தப்போ நம்ம பும்ரா, பன்ட், புஜாரா எல்லாம் லெஸ்டர்ஷயர் பக்கமே நின்னு ஆடினாங்க, கிரவுண்ட்ல அவ்ளோ கூட்டம். அன்னைக்கு இந்திய ஜெர்சி போட்டுட்டு வந்த பசங்கள்ல பத்துல ஒருத்தன் அடுத்த சாம்பியன்ஷிப் மேட்சுக்கு வந்திருந்தாக்கூட எவ்ளோ நல்லா இருந்திருக்கும்னு எனக்கு இன்னும் ஆதங்கம் இருக்கு.

மாற்றம் ஆரம்பிச்சது 2023 ஏப்ரல்லன்னு நான் சொல்வேன். யார்க்ஷயரோட ஹெடிங்லே கிரவுண்ட்லயே அவங்களுக்கு எதிரா 389 ரன் சேஸ் பண்ணி மூணு விக்கெட் வித்தியாசத்துல ஜெயிச்சாங்க, அந்த கிரவுண்ட்ல 1910க்கு அப்புறம் அதுதான் முதல் வெற்றி. அதே வருஷம் செப்டம்பர் 16, சனிக்கிழமை, நாட்டிங்ஹாம் ட்ரென்ட் பிரிட்ஜ் கிரவுண்ட்ல ஒன் டே கப் ஃபைனல், ஹாம்ப்ஷயர் கூட. நான் ரயில் புடிச்சுப் போயிருந்தேன். 89 ரன்னுக்கு ஆறு விக்கெட் போச்சு, என் பக்கத்துல இருந்தவங்க பையை எடுத்து மாட்ட ஆரம்பிச்சுட்டாங்க. அங்கிருந்து ஹாரி ஸ்விண்டெல்ஸும் சாம் எவன்ஸும் சேந்து 151 ரன் எடுத்தாங்க பாருங்க, ஸ்விண்டெல்ஸ் லெஸ்டர்லயே பிறந்த பையன், 117 நாட் அவுட். கடைசி ஓவர்ல ஹாம்ப்ஷயருக்கு 8 ரன் வேணும், பால் போட்டது 19 வயசு ஜோஷ் ஹல், ஆறடிக்கு மேல வளந்த இடது கைப் பையன், ரெண்டு ரன் வித்தியாசத்துல நம்ம ஜெயிச்சோம். 1985க்கு அப்புறம் முதல் ஒன் டே கோப்பை. ஆகஸ்ட்ல நல்ல பிளேயர்ஸ் எல்லாம் ஹன்ட்ரட்ங்கற 100 பால் போட்டி ஆடப் போயிடுவாங்க, மிச்சம் இருக்கறவங்க ஆடுற கப்தானேன்னு சிலர் சொல்றாங்க, சரி, எல்லா கவுண்டிக்கும் அதே நிலைமைதானே, மிச்சம் இருக்கற பசங்க நல்லா இருந்தாத்தான் ஜெயிக்க முடியும், அதைத்தான் நானும் சொல்றேன்.

2024 ஜூன் 26 பத்தி எழுதாம இருக்க முடியாது. ஹோவ்ல சசெக்ஸ் கூட மேட்ச், டார்கெட் 464, நம்ம 144க்கு ஆறு விக்கெட், புதன்கிழமை, நான் ஆபீஸ்ல லன்ச் டைம்ல போன்ல லைவ் ஸ்ட்ரீம் வச்சிருக்கேன். லூயி கிம்பர் எட்டாவதா இறங்கினார். சசெக்ஸ் பௌலர் ஆலி ராபின்சன் ஓவர் ஒண்ணுல மட்டும் 43 ரன், சாம்பியன்ஷிப் வரலாற்றுலயே ஒரு ஓவர்ல அதிகம் போன ரன் அதுதான். அங்க நோ பாலுக்கு ரெண்டு ரன், அந்த ஓவர்ல மூணு நோ பால், மூணுலயும் பவுண்டரி. கிம்பருக்கு 100 பால்ல டபுள் செஞ்சுரி, மொத்தம் 127 பால்ல 243, அதுல 21 சிக்ஸர். டிபன் பாக்ஸைத் திறந்து வச்சது திறந்தபடியே இருந்துச்சு, சாப்பாடு ஆறியே போச்சு. கடைசில 18 ரன்ல தோத்தோம். அடுத்த ஹோம் மேட்ச்ல அந்தப் பெரியவர் தன்னோட புக்கைத் திருப்பி எனக்குக் காட்டினார். ஒரு ஓவருக்கு உண்டான சின்னக் கட்டத்துல ஒன்பது பால் அடங்கல, கடைசி மூணையும் ஓரத்துல வெளிய எழுதி அம்புக்குறி போட்டிருந்தார். தோத்த மேட்ச்தான், ஆனா அந்தப் பக்கத்தை வர்றவங்க எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டு இருந்தார். 2013ல இருந்த டீமா இருந்தா 144க்கு ஆறுன்னதுமே மனசளவுல பஸ் ஏறியிருப்பாங்க.

இப்ப 2025க்கு வர்றேன். டிவிஷன் டூல எட்டு டீம், 14 மேட்ச், ஜெயிச்சா 16 பாயின்ட், ட்ரான்னா 8, மேலே ரெண்டு டீம் டிவிஷன் ஒன்னுக்குப் போகும். நம்ம ஆரம்பத்துல இருந்தே முன்னாடி ஓடி, கடைசில டேபிள்ல முதல் இடம், கிளாமர்கன் ரெண்டாவது. 2003க்கு அப்புறம் இப்பதான் டிவிஷன் ஒன்.

காரணம்னு பாத்தா எனக்கு முதல்ல தோணுறது ரெஹான் அஹமத். 2022 டிசம்பர்ல கராச்சில 18 வயசுல இங்கிலாந்துக்கு டெஸ்ட் ஆடி அஞ்சு விக்கெட் எடுத்த பையன், எல்லாரும் அவனை லெக் ஸ்பின்னரா மட்டும்தான் பாத்தாங்க, லெஸ்டர்ஷயர் அவனை மூணாவது இடத்துல பேட்டிங் இறக்கி விட்டாங்க. செஞ்சுரி மேல செஞ்சுரி. ஜூலைல டெர்பிஷயர் கூட ஒரே மேட்ச்ல செஞ்சுரியும் அடிச்சு 13 விக்கெட்டும் எடுத்தான். இதுக்கு ஒரு தைரியம் வேணும், பிளேயரை விட டீமுக்கு. ஓப்பனிங்ல ரிஷி படேல், மேல பீட்டர் ஹேண்ட்ஸ்கோம்ப் கேப்டன், கோச் அல்ஃபோன்சோ தாமஸ் அவரே வேகப்பந்து ஆள். ஒரே ஒருத்தர நம்பி இருந்திருந்தா ரெஹான் இங்கிலாந்து டீமுக்குப் போற வாரத்துலயெல்லாம் கவுந்திருப்போம், அப்படி ஆகல. அதனாலதான் அதிர்ஷ்டம்னு யாராச்சும் சொன்னா எனக்குக் கோவம் வருது.

இதே 2025லதான் எங்க ஊர் ஃபுட்பால் டீம் பிரீமியர் லீக்ல இருந்து கீழ இறங்கிச்சு. 2016ல அவங்க சாம்பியன் ஆனப்போ ஊரே தெருவுல இருந்துச்சு. கிரிக்கெட் டீம் மேல போனதுக்கு அந்தளவு கூட்டம் கூடல, ஆனா எங்க ஆபீஸ்ல கிரிக்கெட்டே பாக்காத ரெண்டு பேர் வந்து "உங்க டீம் ஜெயிச்சுடுச்சாமே"ன்னு கை குடுத்தாங்க. பன்னெண்டு வருஷத்துல முதல் தடவை.

டிவிஷன் ஒன் கஷ்டமா இருக்கும், அதுல சந்தேகம் இல்ல. சர்ரே மாதிரி டீமுக்கு இங்கிலாந்து டீமே பாதி சொந்தம், நம்ம பௌலிங் முழு சீசன் தாங்கணும், யாரும் காயம் ஆகக் கூடாது. முதல் வருஷம் கீழ இறங்காம நின்னாலே எனக்குப் போதும். ஆனா ஒண்ணு, 2025 டிவிஷன் ஒன் சாம்பியன் யாருன்னா நாட்டிங்ஹாம்ஷயர், பிராடையும் டெய்லரையும் கூட்டிட்டுப் போன அதே பக்கத்து ஊரு. இனி ஒரே டிவிஷன், வருஷத்துல ஒரு தடவையாவது நேருக்கு நேர் ஆடியே ஆகணும். அந்த மேட்ச்சோட நாலு நாளுக்கும் நான் லீவு போடப் போறேன், பெரியவருக்குப் பக்கத்து சீட்டு எனக்குன்னு இப்பவே சொல்லி வச்சாச்சு.