துணைநூற்பட்டியலை எண்ணுவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நூலக அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தின் தமிழ், வரலாற்றுத் துறை ஆய்வேடுகளை எடுத்து, அவற்றின் துணைநூற்பட்டியல்களைப் பதிந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். எந்த நூல், எந்த மொழி, எந்த ஆண்டு, எத்தனை முறை என்று. ‘கடைசிப் பக்கத்தை எண்ணுவதற்கு ஒரு டாக்டர் பட்டமா?’ என்று விடுதியில் கேட்கிறார்கள். இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

இன்னொன்று. ஒரு நூலின் பதிப்பாண்டு ஆறு ஆய்வேடுகளில் ஒரே மாதிரித் தவறாக இருக்கிறது. அந்த நூல் எங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. இதை நான் எழுதலாமா? அந்த ஆறு பேரில் சிலர் இப்போது பேராசிரியர்கள். நெறியாளர் ‘அதை விட்டுவிடும்மா’ என்கிறார்.

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் செய்வது ஆய்வுதான். அதில் சந்தேகமே வேண்டாம்.

விடுதியில் கேட்பவர்களுக்கு 1927இல் நடந்ததைச் சொல்லுங்கள். கலிபோர்னியாவில் பொமோனா கல்லூரி என்று ஒன்று. சின்னக் கல்லூரி. கையில் இருக்கும் பணத்துக்கு எந்த வேதியியல் இதழ்களை வாங்கலாம் என்பது கேள்வி. ஆசிரியர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். கிராஸ் என்ற ஒரே குடும்பப்பெயர் கொண்ட இருவர், அமெரிக்க வேதியியல் கழக இதழின் 1926ஆம் ஆண்டுத் தொகுதியை எடுத்து, அதன் கட்டுரைகள் வேறு இதழ்களுக்குக் காட்டிய மேற்கோள்களை எண்ணினார்கள். மொத்தம் 3,633. எந்த இதழ் எத்தனை முறை என்று வரிசைப்படுத்தியதும் வாங்கவேண்டியவை மேலே வந்து நின்றன. ஜெர்மன் இதழ்களுக்கு அதில் அவ்வளவு இடம் இருந்ததால், வேதியியல் மாணவருக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியவேண்டும் என்பதும் அந்தக் கணக்கிலேயே தெரிந்தது. இன்று பதவி உயர்வுக்கு மேற்கோள் எண்ணிக்கை கேட்கிறார்களே, அதெல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. எண்ண ஆரம்பித்தது ஒரு நூலகத்தின் செலவுக் கணக்குக்காக.

லண்டன் அறிவியல் அருங்காட்சியக நூலகத்தில் இருந்த பிராட்ஃபோர்டு 1934இல் வெளியிட்ட கணக்கு இதைவிட அழகானது. பயன்பாட்டுப் புவியியற்பியல் என்ற ஒரே துறை, 1,332 கட்டுரைகள், 326 இதழ்கள். முதல் 9 இதழ்களிலேயே 429 கட்டுரைகள் கிடைத்துவிட்டன. அடுத்த 499 கட்டுரைகளுக்கு 59 இதழ்கள் வேண்டியிருந்தன. மிச்சம் 404 கட்டுரைகளோ 258 இதழ்களில் சிதறிக் கிடந்தன. ஒன்பது இதழுக்குச் சந்தா கட்டினால் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும், கடைசிப் பங்குக்கு எந்த நூலகத்தாலும் பணம் கட்டி மாளாது. நூலகங்கள் தங்களுக்குள் இரவல் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணத்தை நான் பார்த்ததில்லை.

நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதனையும் இந்த வரிசையில் வைக்கவேண்டும். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலக வேலைகளைப் புள்ளியியல் கொண்டு ஆராயும் ஒரு துறை வேண்டும் என்று 1948இல் இங்கிலாந்தில் பேசினார். ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்ற அவருடைய முதல் விதியை நாம் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். பயன்படுகிறதா என்று போய்ப் பார்க்கும் வேலையைத்தான் நீங்கள் எடுத்திருக்கிறீர்கள்.

ஆனால் பதிவும் பயன்பாடும் ஒன்றல்ல, அதை மறந்துவிடாதீர்கள். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒருமுறை, பல ஆண்டுகளாக யாரும் இரவல் வாங்காத நூல்களைக் கழிப்பதற்குப் பட்டியல் போட்டார்கள். அதில் இருந்த ஒரு வரலாற்று நூலை எடுத்துவரச் சொன்னார்கள். பின்னட்டையில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் ஒரு முத்திரை கூட இல்லை. நூலை மேசையில் வைத்தேன், அது தானாகவே நடுவில் ஓர் இடத்தில் விரிந்தது. அந்த இயலின் பக்கங்கள் மட்டும் கீழ் மூலையில் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தன. ஓரத்தில் பென்சில் கோடுகள், இரண்டு மூன்று பேருடைய கை. வீட்டுக்கு எடுத்துப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுத்தவர்கள், ஜெராக்ஸ் எடுத்தவர்கள். கணக்கில் அவர்கள் யாரும் இல்லை. பட்டியலிலிருந்து அந்த நூலின் பெயரை அடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

இரவல் கணக்கைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1969இல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 சதவீதம் 1975 முடியும் வரை ஒருமுறை கூட இரவல் போகவில்லை என்று கண்டுபிடித்தார்கள். எந்த நூலகரையும் தூங்கவிடாத எண் அது. அதோடு அந்தப் பக்க மூலைகளையும் பாருங்கள் என்கிறேன்.

சரி, அந்த ஆறு ஆய்வேடுகள். எழுதுங்கள். பெயர் சொல்லாமல் எழுதுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 2003இல் இதையே வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். 1973இல் வந்த புகழ்பெற்ற இயற்பியல் கட்டுரை ஒன்று, 4,300 முறை மேற்கோள் காட்டப்பட்டது. அதில் 196 இடங்களில் விவரம் பிழை. அந்த 196இல் வெவ்வேறு பிழைகள் 45தான். ஒரே பக்க எண் பிழை மட்டும் 78 முறை. பட்டியலிலிருந்து பட்டியலுக்கு நகல் எடுத்திருக்கிறார்கள். மேற்கோள் காட்டுபவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் மூலத்தை வாசிக்கிறார் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் தயக்கம் உண்டு. நூலை ஒழுங்காகப் படித்தவர் கூட, அவசரத்தில் விவரத்தை மட்டும் வேறொரு ஆய்வேட்டிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கலாம். எனவே ‘படிக்கவில்லை’ என்று எழுதாதீர்கள், ‘பட்டியலிலிருந்து எடுத்த தடயம்’ என்று எழுதுங்கள். உங்களிடம் ஆதாரம் இருப்பது அவ்வளவுக்குத்தான். பேராசிரியர்களும் அதை மறுக்க முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், தமிழ் ஆய்வேடுகளை எண்ணுவதால் உங்களுக்கு இது முக்கியம். ஆண்டை வைத்து இலக்கியத்தின் ‘அரை ஆயுள்’ கணக்கிடும் முறை 1960இல் வந்தது. மேற்கோள்களில் பாதி எத்தனை ஆண்டுக்கு உட்பட்டவை என்று பார்ப்பார்கள். அறிவியலுக்கு அது பொருந்தும். தமிழுக்கு அப்படியே போட்டால் சிக்கல். உ.வே.சா.வின் புறநானூற்றுப் பதிப்பு வந்தது 1894இல். ஆய்வாளர் கையில் இருப்பதோ அண்மையில் வந்த மறுபதிப்பு. பட்டியலில் அந்த மறுபதிப்பின் ஆண்டைத்தான் எழுதுவார். நூறு வயதைத் தாண்டிய உழைப்பு உங்கள் அட்டவணையில் பத்து வயதுப் பிள்ளையாக நிற்கும். தமிழாய்வாளர்கள் புதிய நூல்களைத்தான் நாடுகிறார்கள் என்று ஒரு முடிவு வரும், அது முழுப் பொய்யாக இருக்கும். அதனால் முதற்பதிப்பு ஆண்டுக்குத் தனியாக ஒரு கட்டம் போடுங்கள். வேலை இரட்டிப்பாகும், தெரியும். ஆனால் உங்கள் ஆய்வில் வேறு யாரும் செய்யாத பகுதி அதுவாக இருக்கலாம்.

அப்புறம், முப்பது ஆய்வேடுகளையாவது கையில் எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் போங்கள். பட்டியலில் உள்ளவற்றில் எவை அங்கே இருக்கின்றன? இல்லாதவற்றை அவர்கள் எங்கே பார்த்தார்கள்? எழுதியவர்களில் நாலைந்து பேரிடம் அவர்களுடைய பட்டியலையே நீட்டிக் கேளுங்கள். நெறியாளரின் சொந்த அலமாரி, வேறு ஊர் நூலகம், சோத்கங்கா என்ற ஆய்வேட்டு இணையதளத்தில் கிடைத்த இன்னொரு ஆய்வேடு என்று பதில்கள் வரும். எந்த எண்ணிக்கையிலும் அது கிடைக்காது.

ஒரு வாரம் மாலையில் நூலகம் மூடுவதற்கு அரைமணி நேரம் முன்னால் ஒரு நோட்டோடு வாசிப்பறைக்குப் போய், மேசைகளில் கிடக்கும் நூல்களைக் குறித்து வையுங்கள். அட்டெண்டர் வந்து அடுக்கிவிடுவதற்குள் போய்விடவேண்டும்.

அன்புடன்.