பயாலஜி பிஎச்.டி.: பணம் யார் பெயரில் வருகிறது?

வணக்கம் சார். மகள் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி கடைசி வருடம், அடுத்து பிஎச்.டி.தான் என்கிறாள், ஐந்து வருடத்துக்கு எவ்வளவு ஆகும், நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். முழுநேர அறிவியல் ஆராய்ச்சி என்றால் மாதாமாதம் உதவித்தொகை வர வேண்டும். அது யார் பெயரில் வருகிறது என்பதை மட்டும் சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

மகள் பெயரிலேயே வரும் பணத்துக்குப் பெரிய வாசல் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. விடுதியில் இடம் இல்லாவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. 2019இல் 31,000 ஆக இருந்தது, 2023 ஜனவரி முதல் இந்த அளவுக்கு வந்தது. அதுவும் ஆய்வு மாணவர்கள் தெருவில் இறங்கிக் கேட்டபிறகுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 2024 முதல் நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது. முதல் வகைக்குத்தான் ஜேஆர்எஃப். இரண்டாவது, உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கையும். மூன்றாவது, சேர்க்கை மட்டும். மூன்று பேருமே வீட்டில் "நெட் பாஸ்" என்றுதான் சொல்வார்கள்! எந்த வகை என்று கேளுங்கள்.

லைஃப் சயின்ஸ் தாளில் நம் பிள்ளைகள் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது சி பகுதியில். 75 கேள்விகளில் 25க்குப் பதில் எழுதினால் போதும், ஒவ்வொன்றும் 4 மதிப்பெண், தப்பானால் ஒன்று போய்விடும். 200இல் 100 இங்கேயே இருக்கிறது. டிஎன்ஏ, புரதம் போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் ஒரு ஜெல் படத்தையோ வரைபடத்தையோ கொடுத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். நோட்ஸை மனப்பாடம் செய்தவர்கள் அங்கே திணறுவார்கள். பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. கோச்சிங்குக்குப் பெரிய தொகை கட்டுவது பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

நெட் ஒன்றையே நம்பியிருக்க வேண்டாம். மத்திய அரசின் பயோடெக்னாலஜி துறை (டிபிடி) உதவித்தொகைக்கான 'பெட்' தேர்வு இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் முதல் ரேங்க் என்றால் மத்திய அரசின் இன்ஸ்பயர் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். பெங்களூரு என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் ஆய்வு மையம்) போன்ற இடங்களுக்கு ஜேஜிபில்ஸ் என்று தனி நுழைவுத் தேர்வு. அங்கே சேர்ந்துவிட்டால் உதவித்தொகைக்கு நிறுவனமே பொறுப்பு.

இனி, கைடின் (ஆய்வு வழிகாட்டியின்) புராஜெக்டிலிருந்து வரும் பணம். "வந்து சேரும்மா, புராஜெக்டில் போட்டுக்கொள்கிறேன்" என்பார் பேராசிரியர். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் புராஜெக்ட் பெரும்பாலும் மூன்று ஆண்டு, பயாலஜி பிஎச்.டி. ஐந்து ஆண்டு இழுக்கும். செல் வளரவில்லை, எலி செத்துவிட்டது, கெமிக்கல் வரவில்லை என்று நாள் போகும். புராஜெக்ட் எந்த மாதம் முடிகிறது, அதற்கு மேல் என்ன ஏற்பாடு என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். அந்த லேபில் நான்காம் ஆண்டில் இருக்கும் அக்கா அண்ணன்களிடம் பேசச் சொல்லுங்கள். போன மாதப் பணம் வந்ததா என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அமெரிக்கா பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அங்கே பயாலஜி பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் கட்டணத்தையும் மாதச் செலவையும் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளும். எம்.எஸ். பெரும்பாலும் நம் கைக்காசு. அந்நாட்டு அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஹெச் தரும் டி32 பயிற்சி மானியமும், அறிவியல் நிதி அமைப்பான என்எஸ்எஃப் தரும் ஃபெல்லோஷிப்பும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டும். நம் பிள்ளைகளுக்கு வருவது பேராசிரியரின் ஆய்வு நிதியும் துறையின் பணமும்தான். 2025இல் அந்த நிதி ஆட்டம் கண்டபோது, சில இடங்களில் கொடுத்த சேர்க்கையையே திரும்பப் பெற்றார்கள். கடன் வாங்கி எம்.எஸ். போய், அங்கிருந்து பிஎச்.டி. பிடிக்கலாம் என்ற கணக்கை நான் ஆதரிக்க மாட்டேன்.

உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஃபெல்லோஷிப் கிடைத்தாலும் முதல் தொகை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம், நடுவிலும் தாமதமாகும். ஆறு மாதச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஆகும் தொகையை வங்கியில் போட்டு வையுங்கள். கடைசி வருட மாணவர்களும் நெட் எழுதலாம் என்பதால், அடுத்த அறிவிப்பு வந்ததும் மகள் விண்ணப்பித்துவிடட்டும். சாதிச் சான்றிதழ் சலுகைக்குத் தேவையென்றால் மத்திய அரசுப் படிவத்தில் இப்போதே வாங்கி வையுங்கள். ஓபிசி என்றால் கிரீமி லேயர் இல்லை என்ற சான்றும் வேண்டும்.