முக்கால் படம்

வணக்கம். நாங்கள் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறோம். ஜூலை கடைசியில் மூன்று வார விடுப்பில் ஊருக்கு வருகிறோம். பிள்ளைகளுக்கு (12 வயது, 9 வயது) ஒரு தெருக்கூத்தாவது காட்ட ஆசை. எங்கே, எப்போது போகலாம்? பழைய சினிமா ஸ்டுடியோ ஏதாவது பார்க்க மிச்சம் இருக்கிறதா? இதற்கெல்லாம் முன்னோட்டமாக ஞாயிறுதோறும் வீட்டில் கறுப்பு வெள்ளைப் படம் போடுகிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். “எல்லாரும் ஏன் குண்டா இருக்காங்க? ஏன் கீச்கீச்சுனு பேசுறாங்க?” என்கிறார்கள். “அவங்க நாடகத்திலிருந்து வந்தவங்க, எல்லாமே கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கும்” என்று சொல்லிச் சமாளிக்கிறேன். வண்ணம் சேர்த்த பிரதிகளைப் போட்டால் ஒன்றிப் பார்ப்பார்களா?
– எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த ஊரில் இரண்டு பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து 1950களின் படம் காட்டுகிறீர்களே, அதற்கே உங்களைக் கும்பிட வேண்டும். ஆனால் நீங்கள் சொன்ன சமாதானம் தப்பு. பிள்ளைகளின் கண்ணும் காதும் சரியாக இருக்கின்றன. உங்கள் டிவியில் தெரிந்தவர்கள் குண்டாகத்தான் இருந்தார்கள், கீச்சென்றுதான் பேசினார்கள். டிவியும் பிரதியும் செய்த தப்பை, பதில் சொல்ல முடியாத நடிகர்கள் தலையில் கட்டிவிட்டீர்கள். அதை எண்ணித்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வண்ணம் சேர்த்த பிரதி வேண்டாம். ஸ்டுடியோவுக்காகப் பயணம் போட வேண்டாம். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவு நிற்கிறது. ஏற்காட்டுக்குப் போகிற வழியென்றால் வண்டியை நிறுத்திப் பாருங்கள், அது போதும்.

இப்போது உங்கள் டிவிக்கு வருகிறேன். அன்றைய 35 மி.மீ. படச்சட்டத்தில் அகலம் உயரத்தைப் போல 1.37 பங்கு. இன்றைய 16:9 டிவியில் அது 1.78 பங்கு. ஏறக்குறைய சதுரமான ஒரு படத்தை இந்த நீளத் திரையில் ஓரம்வரை நிரப்ப இரண்டே வழி: பக்கவாட்டில் இழுக்கலாம், அல்லது மேலும் கீழும் வெட்டலாம். இழுத்தால் ஒவ்வொரு முகமும் 30 சதவீதம் அகன்றுவிடும். வெட்டினால் படத்தில் 23 சதவீதம், அதாவது ஏறக்குறைய கால்வாசி, போய்விடும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமான ‘ராஜராஜ சோழன்’ வந்தது 1973இல். அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படம் எதுவும் உங்கள் டிவியை ஓரம்வரை நிரப்பினால் இழுத்திருக்கிறார்கள் அல்லது வெட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

எது என்று தெரிந்துகொள்ள ஒரு ஸ்கேல் போதும். சுவர்க்கடிகாரமோ, வண்டிச்சக்கரமோ, நெற்றிப் பொட்டோ குளோசப்பில் நேராகத் தெரியும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் வட்டம் முட்டையாகி உங்களை ஏமாற்றும், அதனால் நேர் எதிரே இருப்பதையே எடுங்கள். உயரம் 10 செ.மீ., அகலம் 13 செ.மீ. என்று வந்தால் இழுத்த படம். இதற்கு மருந்து உண்டு. டிவியின் பட அளவு மெனுவில் 4:3 வையுங்கள். 55 அங்குல டிவியில் படம் சுமார் 91 செ.மீ. அகலத்துக்குச் சுருங்கி, இரு பக்கமும் 15 செ.மீ. கறுப்புப் பட்டை வரும். அந்தப் பட்டையைப் பார்த்து “டிவி வீணாகிறதே” என்று யாராவது வீட்டில் சொன்னால் காதில் வாங்காதீர்கள். பட்டையோடு சரியாக ஏற்றப்பட்ட படத்துக்கு 4:3 வைத்துவிட்டால் எல்லோரும் ஒல்லிக்குச்சி ஆகிவிடுவார்கள், ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் வட்டத்தை அளந்துவிட்டு வையுங்கள். டிவிடி இருந்தால் மடிக்கணினியில் வி.எல்.சி. (VLC) என்ற படம் ஓட்டும் மென்பொருளில் போட்டு ஆங்கில ‘ஏ’ (A) விசையைத் தட்டினால் விகிதம் ஒவ்வொன்றாக மாறும், வட்டம் வட்டமாகும்போது விட்டுவிடலாம்.

வெட்டிய படத்துக்கு மருந்தில்லை. போனது கோப்பிலேயே இல்லை. ஆரம்பத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். தாளின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் தெரியாமல், முதல் வரி பாதி எழுத்தோடு நின்றால் அந்தப் பிரதியை மூடிவிட்டு வேறு பிரதி தேடுங்கள். பெரும்பாலும் கிடைக்கும், சற்று மங்கலாக இருக்கும். மங்கல் பரவாயில்லை.

மங்கலைப் பொறுக்கலாம், வெட்டைப் பொறுக்க முடியாது என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் நீங்கள் குறை சொன்ன அந்த நாடகம்தான். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற பாய்ஸ் கம்பெனியை, அதாவது சிறுவர் நாடகக் குழுவை, தொடங்கிய காலத்தில் மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசைக்குக் குரல் போக வேண்டும், குரலோடு கையும் காலும் சேர்ந்து பேச வேண்டும். பாய்ஸ் கம்பெனிப் பையன்கள் பழகியது உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை நடிக்கிற நடிப்பு. பேசும்படம் வந்தபோது அந்த உடம்புகளே ஸ்டுடியோவுக்குள் வந்தன. கேமராவும் அதற்குத் தக்கபடி தள்ளி நின்றது: தலைக்கு மேல் கொஞ்சம் இடம், காலுக்குக் கீழே கொஞ்சம் தரை. 1958இல் வந்த ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்தில் பத்மினியும் வைஜெயந்திமாலாவும் ஆடும் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முழு உருவமாக எடுத்த ஷாட்டில் கீழே வெட்டினால் பாதம் போகிறது. ஜதிக்குத் தாளம் விழுவது பாதத்தில். பாதம் போன பிறகு மிஞ்சுவது இடுப்பும் கண்ணும் முகபாவமும்தான். அதை மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு ஏன் இத்தனை ஆவேசம் என்று சிரிப்பு வராமல் என்ன செய்யும்? பாதியை மறைத்துவிட்டு மீதியைப் பார்த்து மிகை என்கிறோம்.

கீச்சுக்குரலுக்கு வருகிறேன். படம் எடுத்தது நொடிக்கு 24 படச்சட்டம். ‘பால்’ (PAL) என்ற டிவி முறையில் வந்த டிவிடி பலவற்றில் அதை 25 ஆக ஓட்டிவிடுவார்கள். வேகம் 4 சதவீதம் கூடும், சுருதி ஏறக்குறைய முக்கால் ஸ்வரத்தானம் (ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளியில் முக்கால் பங்கு) ஏறும். கட்டைக் கணக்கில் சொன்னால், 4 கட்டைச் சுருதியில் பாடியவர் கிட்டத்தட்ட நாலரைக்குப் போய்விடுவார். கம்பெனி நாடகத்தில் வளர்ந்த பாடகர்கள் ஏற்கெனவே எட்டுக் கட்டைக் குரல் என்று பேரெடுத்தவர்கள், அதன் மேல் இதுவும் சேர்ந்தால் காது கூசத்தான் செய்யும். எல்லாப் பிரதியிலும் இந்தக் குறை இருக்காது. சான்றிதழில் நீளம் அடிக்கணக்கில் இருந்தால் 90 ஆல் வகுங்கள், நிமிடம் வரும். 15,300 அடி என்றால் 170 நிமிடம். உங்கள் பிரதி 163 நிமிடத்தில் முடிந்து, காட்சி எதுவும் விடுபடவில்லை என்றால் வேகம் கூடியிருக்கிறது. வி.எல்.சி.யில் வேகத்தை 0.96 ஆக்குங்கள். அது மட்டும் போதாது. வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் பிடித்துவைக்கும் ஒரு வசதி ஒலி அமைப்பில் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும், அதை அணைத்தால்தான் குரல் கீழே இறங்கும். பலரும் இந்த இடத்தில்தான் கோட்டைவிடுகிறார்கள். டிவியில் ‘மோஷன்’ என்ற பெயரில் இருக்கும் மெருகூட்டல்களையும் அணைத்துவிடுங்கள்.

கூத்தைக் கேட்டிருந்தீர்கள். மகாபாரதக் கதையை ஆடும் பாரதக் கூத்து நிறைய நடப்பது பங்குனியிலிருந்து ஆனிவரை. நீங்கள் வருவது ஆடி, அம்மன் கோயில் திருவிழாக்களில் கூத்து வைப்பார்கள். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் பேருந்து நிலையச் சுவரிலும் டீக்கடையிலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். எந்த இரவு என்ன கூத்து, எந்த ஜமா (கூத்துக் குழு) என்று அதிலேயே இருக்கும். ‘கர்ண மோட்சம்’ போட்டிருந்தால் அதற்குப் போங்கள். இரவு பத்து மணிக்குப் போனால் சரியாக இருக்கும், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் மட்டும் உட்காராதீர்கள். முகவீணையும் (ஊதுகிற சின்னக் குழல்) மத்தளமும் ஆர்மோனியமும் பின்னால் இருக்கும், மூன்று பக்கமும் சனம். பிள்ளைகள் தூங்கினால் தூங்கட்டும். இரண்டு பேர் துணியைத் திரையாகப் பிடித்ததும் எழுப்பிவிடுங்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். வெட்டிய பிரதிகளில் காணாமல் போவது இந்த இரண்டும்தான். வேஷக்காரர் உள்ளிருந்தே விருத்தம் பாடிவிட்டு அப்புறம்தான் முகம் காட்டுவார். பாய் இரண்டு, ஒரு சால்வை, தண்ணீர் கொண்டுபோங்கள். கூத்து முடிய விடிந்துவிடும், முதல் பஸ்ஸும் அப்போதுதான் வரும்.