மெக்கானிக் அனுபவம் இல்லாமல், ஆன்லைன் ஆர்வலர் கூட்டங்களில் சேர்ந்தே கார் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூனிங் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். "திரையைப் பார்த்து இன்ஜின் வேலை கத்துக்க முடியாது" என்று கீழே வந்து எழுதப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் தொழில்முறை டியூனர் இல்லை, அடுத்தவர் காரில் கை வைத்ததும் இல்லை. என்னுடைய பழைய கார், அதில் நானே பூட்டிய ஸ்பீடுயினோ (அர்டுயினோ மெகா போர்டை வைத்துச் செய்கிற ஓப்பன் சோர்ஸ் இசியூ), அவ்வளவுதான் என் அனுபவம்.

உங்களிடம் லேப்டாப்பும் ஆர்வமும் மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். என்னிடமும் அதுதான் இருந்தது. வாரம் ஒருநாள் இரவு பத்துப் பதினைந்து பேர் வீடியோ காலில் கூடுவோம், ஒருவர் தன் லாக் ஃபைலை (கார் ஓடும்போது சென்சார்கள் காட்டியதன் பதிவு) திரையில் விரிப்பார், மற்றவர்கள் அதைக் குடைந்து எடுப்பார்கள். முதல் சில வாரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது 12.5, 13 பக்கம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டேன். காரோடு வந்த சாதாரண ஆக்சிஜன் சென்சார் 'ரிச்' (பெட்ரோல் அதிகம்), 'லீன்' (பெட்ரோல் குறைவு) என்று இரண்டே வார்த்தைதான் பேசும், எவ்வளவு என்று சொல்லாது, அதனால் அந்த விகிதத்தை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் சென்சார் வாங்கி மாட்டினேன்.

அப்புறம் மூன்று வாரம் விஇ டேபிளே கதி. ஒரு பக்கம் ஆர்பிஎம், இன்னொரு பக்கம் இன்டேக் மானிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) அழுத்தம், அதாவது மேப், நடுவில் உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் சிலிண்டருக்குள் எத்தனை சதவீதம் காற்று நிரம்புகிறது என்ற எண். அதை ஏற்றி இறக்கி, ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) வைட்பேண்ட் 14.7-ஐ விட்டு அசையாத அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பெருமை தாங்கவில்லை. ஆனால் கார் மட்டும் மாட்டுவண்டி மாதிரி இழுத்தது, எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு பக்கம் கையைக் கொண்டுபோக முடியாத அனல்.

அந்த வாரம் என் லாக்கைக் காட்டினேன். எப்போதும் மைக்கை அணைத்தே வைத்திருக்கும் ஒருவர், அன்று திறந்து, "ஐடில்ல மேப் எவ்வளவு காட்டுது?" என்றார். 55 கிலோபாஸ்கல். "சும்மா நிக்கிற இன்ஜினுக்கு அது அதிகம் சார். டைமிங் லைட் வச்சுப் பாத்தீங்களா?" எதற்கு, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 15 டிகிரி முன்னால் தீப்பொறி வருகிறது என்று லேப்டாப்பே காட்டுகிறதே என்றேன். "அது நீங்க சொன்னதை உங்ககிட்டயே திருப்பிச் சொல்லுது" என்றார். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

மறுநாள் டைமிங் லைட் (தீப்பொறி வரும் அதே கணத்தில் மின்னும் விளக்கு) இரவல் வாங்கினேன். சாஃப்ட்வேரில் டைமிங்கை 10 டிகிரியில் அசையாமல் நிறுத்தி, முதல் சிலிண்டரின் பிளக் வயரில் கிளிப்பை மாட்டி, கிராங்க் புல்லியில் வெளிச்சத்தை அடித்தால், சுண்ணாம்பு வைத்த கோடு கிட்டத்தட்ட பூஜ்யத்தில் நிற்கிறது. புல்லியின் ரப்பர் நழுவினால் கோடே பொய் சொல்லுமாம், அதனால் இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் நீளமான பிளாஸ்டிக் குழலை விட்டு, கையாலேயே கிராங்கைச் சுற்றி பிஸ்டன் உச்சிக்கு வருகிற இடத்தையும் பார்த்துவிட்டேன். கோடு சரிதான். நான் போட்ட ட்ரிகர் ஆங்கிள்தான் (கிராங்க் சென்சாரின் சிக்னல் பிஸ்டன் உச்சியிலிருந்து எவ்வளவு தள்ளி வருகிறது என்று இசியூவுக்குச் சொல்லும் எண்) 9 டிகிரி தப்பு. தீப்பொறி தாமதமாக வந்ததால் எரிவதில் பாதி எக்ஸாஸ்ட்டுக்குப் போயிருக்கிறது, அதே ஐடிலைப் பிடிக்க இன்ஜின் கூடுதல் காற்று குடித்திருக்கிறது. ஆங்கிளைத் திருத்தியதும் மேப் 38-க்கு இறங்கியது. கூடவே நான் மூன்று வாரம் இழைத்த கட்டங்களை விட்டுவிட்டு இன்ஜின் வேறு கட்டங்களுக்குப் போய்விட்டது! மறுபடி முதலிலிருந்து.

நல்லவேளை, தவறு தாமதப் பக்கம். 9 டிகிரி முன்னால் போயிருந்தால் லோடில் நாக் அடித்து (சிலிண்டருக்குள் கலவை தானாகவே வெடித்து) பிஸ்டனே போயிருக்கும்.

ஆன்லைனில் ஒரு குறை உண்டு, உங்கள் இன்ஜின் சத்தத்தை அவர்களால் கேட்க முடியாது. ஒருமுறை போனை பானெட் பக்கம் நீட்டினேன், நான் இருமியது கேட்டதாம், இன்ஜின் கேட்கவில்லையாம். மீட்டிங் ஆப்பின் இரைச்சல் குறைப்பு வசதி இன்ஜினையே இரைச்சல் என்று துடைத்துவிட்டிருக்கிறது. அதை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் கூட்டத்துக்கு வாரத்துக்கு ஒருவராவது "ப்ரோ, காலை எடுத்தா பட் பட்னு வெடிக்கணும், ஃபைல் இருக்கா?" என்று வந்துவிடுகிறார். ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் பெட்ரோலை ஊற்றி, தீப்பொறியைத் தாமதப்படுத்தி, எக்ஸாஸ்ட்டுக்குள் கொளுத்துவதுதான் அந்தச் சத்தம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அதில் வெந்து போகும். இதைச் சொன்னால் நான் பொறாமைக்காரனாம். சரி, போகட்டும்.

நீங்கள் முதல் கூட்டத்துக்கு வரும்போது லாக்கில் பேட்டரி வோல்டேஜையும் சேர்த்துப் பதிவு செய்து கொண்டுவாருங்கள். வோல்டேஜ் இறங்கினால் இன்ஜெக்டர் திறக்கவே கூடுதல் நேரம் எடுக்கும், அது தெரியாமல் விஇ டேபிளைத் திட்டிக்கொண்டிருப்போம்.