ஸ்டெயின்லெஸ் கத்தி ஹீட் ட்ரீட்மென்ட்டில் வளையாமலிருக்க அதற்கு முன்பே என்ன செய்ய வேண்டும்?

நீங்களும் தகடு வாங்கி, வெட்டி, பெல்ட் கிரைண்டரில் வாய் பிடித்து, அதாவது வெட்டும் விளிம்பை மெல்லியதாகச் சீவி, பிறகு ஹீட் ட்ரீட்மென்ட்டுக்காக (சூடாக்கிக் கெட்டியாக்க) வெளிப் பட்டறைக்கு அனுப்புகிறவர் என்று நினைக்கிறேன். அப்படியானால் அந்த வரிசையை முதலில் மாற்றுங்கள். 3 மி.மீ.க்குக் குறைந்த தகட்டில் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு முன் வாய் பிடிக்கவே வேண்டாம். வெளி உருவத்தை வெட்டி, பிடிக்கான துளைகளைப் போட்டு அப்படியே அனுப்புங்கள். துளை மட்டும் முன்பே வேண்டும், கெட்டியான பிறகு டிரில் ஏறாது.

இது எனக்குப் பணம் போய்த் தெரிந்த விஷயம். ஏ.இ.பி.எல் எஃகில், ஷேவிங் பிளேடுக்காக ஸ்வீடனில் உருவான எஃகு அது, 2.5 மி.மீ. தகட்டில் எட்டு அங்குலக் கத்தி 12 வெட்டினேன். பத்துக்கு வாய் பிடித்தேன். ஒரு பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு மறுபக்கம் திருப்புவேன். பாதியிலேயே லேசாக வளையும், சுத்தியலால் தட்டி நேராக்குவேன். பெல்ட் தீர்ந்துவிட்டதால் இரண்டு மட்டும் வெறும் தகடாகவே போயின.

திரும்பி வந்தபோது பத்தில் ஏழு பெண்டு. ஒன்றைக் கண்ணாடி மேல் படுக்க வைத்து டியூப் லைட்டுக்கு எதிரே பார்த்தேன். நடுவில் 3 மி.மீ. இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தது. கோயம்புத்தூரில் ஹீட் ட்ரீட்மென்ட் செய்த பட்டறைக்கே போய்ச் சத்தம் போட்டேன். பெரியவர் பதில் பேசவில்லை. வாய் பிடிக்காத இரண்டையும் எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டும் ஸ்கேல் மாதிரி நேராக இருந்தன.

“தம்பி, இந்த ரெண்டும் அதே அடுப்புல, அதே நேரத்துல வெந்ததுதான்.”

நான் தட்டி நேராக்கியதாக நினைத்தது நேராகவில்லை, இறுக்கம் உள்ளேயே அடங்கியிருந்தது. இந்த எஃகை 1,050 முதல் 1,080 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் எஃகு இளகியதும் அடங்கியிருந்ததெல்லாம் வெளியே வந்துவிடுகிறது. சுருளாக வந்த தகட்டிலும், கில்லட்டினில் (தகடு நறுக்கும் மெஷினில்) வெட்டிய துண்டிலும் இதே சங்கதிதான். அதனால் தகட்டைச் சமதளத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். லேசரிலோ வாட்டர் ஜெட்டிலோ வெட்டுங்கள்.

முன்பே வாய் பிடித்துத்தான் ஆக வேண்டும் என்றால், பக்கத்துக்கு இரண்டு இழுப்பு என்று மாற்றி மாற்றி எடுங்கள். கை சுடும் முன் கத்தியைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் 1 மி.மீ. கனமாவது விடுங்கள். தட்டி நேராக்கியிருந்தால் 650 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து அடுப்போடு ஆறவிட்ட பிறகே அடுத்த வேலை. அனுப்பும்போது, அடுப்பில் படுக்கப் போடாமல் தொங்கவிடச் சொல்லிவிடுங்கள்.

பெரிய தொழிற்சாலைகளில் முன்பே வாய் பிடிக்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். அவர்களிடம் இரண்டு பக்கமும் ஒரே அளவாகச் சீவும் மெஷின் இருக்கிறது. நான் ஒற்றைக் கிரைண்டர்க்காரனுக்குச் சொல்கிறேன். கெட்டியான பிறகு வாய் பிடித்தால் பெல்ட் அதிகம் செலவாகும், உண்மைதான். ஏழு கத்தியை இழப்பதைவிட அது குறைவு.

    

சரி, உங்களிடம் ஏற்கனவே வளைந்தவை இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கனமான இரும்புப் பட்டையில் வைத்து, 1 மி.மீ. வளைவுக்கு 2, 3 மி.மீ. எதிர்ப்பக்கம் வளையும்படி அடியில் துண்டு கொடுத்து கிளாம்ப் போட்டு, 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் மறுபடி டெம்பர் செய்யுங்கள் (கெட்டியானது ஒடியாதபடி மிதமாகச் சூடாக்குவதுதான் டெம்பர்). என் ஏழில் ஐந்து அப்படித் தேறின. இரண்டை அவசரப்பட்டுக் குளிர்ந்த நிலையில் வளைத்தேன், ஒடிந்துவிட்டன.